வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார்: பொருத்துவது முதல் லாகில் நம்பகமான எண் வரும் வரை

காற்று-பெட்ரோல் விகிதம் கேஜில் 12.5 காட்டுகிறது, லேப்டாப் லாகில் (பதிவில்) 12.9 ஓடுகிறது. இந்த 0.4-ஐக் கண்டுகொள்ளாமல் ஃப்யூயல் டேபிளை (எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணையை) திருத்த ஆரம்பித்தால், லாகில் 12.5 வரும்வரை பெட்ரோலைக் கூட்டுவீர்கள். எஞ்சின் உண்மையில் 12.1-ல் ஓடும். பெட்ரோல் வீண், பிளக் கறுக்கும், அதோடு போகும். வித்தியாசம் எதிர்ப்பக்கமாக இருந்தால்தான் ஆபத்து: லாக் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று சொல்லிக்கொண்டிருக்க, எஞ்சின் முழு லோடில் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடி பிஸ்டனை உருக்கிவிடும்.

இப்படித் தவறான எண் வரும்போது பலரும் முதலில் சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் அதனுடையது அல்ல. பொருத்திய இடம், எர்த், ஈசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினியில்) கொடுத்த அளவுகோல், இந்த மூன்றில் ஒன்றுதான் தவறியிருக்கும். அதனால் கேஜும் லாகும் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்று நிரூபிக்கும்வரை டேபிளில் ஒரு கட்டத்தைக்கூடத் தொடக்கூடாது. அந்த நிரூபணத்தை வரிசையாக எப்படிச் செய்வது என்பதே இங்கே.

உதாரணத்துக்கு பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார், ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ் கேஜ் (சென்சாரை இயக்கும் கன்ட்ரோலர் இதற்குள்ளேயே இருக்கிறது), ஸ்பீடுயினோ ஈசியு, ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருள் ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். வேறு கன்ட்ரோலர் என்றால் எண்கள் மாறும், வேலை மாறாது.

சென்சார் உள்ளே என்ன நடக்கிறது

வண்டியோடு வரும் நேரோபேண்ட் சென்சார், லாம்டா (உண்மையான விகிதத்தை முழு எரிதலுக்கான விகிதத்தால் வகுத்த எண்) 1-க்கு மேலா கீழா என்று மட்டுமே நம்பகமாகச் சொல்லும். எவ்வளவு மேல், எவ்வளவு கீழ் என்று சொல்லாது. வைட்பேண்டில் இரண்டு செல்கள் உண்டு. அளக்கும் செல்லின் மின்னழுத்தம் எப்போதும் 450 மில்லிவோல்ட்டில் நிற்கும்படி, பம்ப் செல் வழியாக ஆக்சிஜனை உள்ளேயோ வெளியேயோ தள்ளிக்கொண்டே இருக்கிறது கன்ட்ரோலர். அதற்கு எவ்வளவு கரன்ட் தேவைப்பட்டதோ அதுதான் அளவீடு. லீனில் ஒரு திசை, ரிச்சில் எதிர்த்திசை. மிகச் சிறிய கரன்ட் இது: சுத்தமான வெளிக்காற்றில்கூட சுமார் 2.5 மில்லிஆம்ப்தான்.

இந்தக் கணக்கு சரியாக வர செராமிக் 780 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். அந்த வெப்பத்தில் 4.9 சென்சாரின் செல் ரெசிஸ்டன்ஸ் 300 ஓம். அதைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கிறது. பழைய எல்எஸ்யு 4.2-க்கு இந்த எண்கள் வேறு. ஆகவே சென்சார் வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் அதை முதலில் சரிபாருங்கள்.

ஒவ்வொரு சென்சாரும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் கனெக்டருக்குள் தனக்கென்று ஒரு டிரிம் ரெசிஸ்டர் வைத்திருக்கும். சென்சாரின் சிறுசிறு வேறுபாட்டை ஈடுகட்டுவது அதுதான். வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டி வேறு கனெக்டர் போட்டால் அந்தத் திருத்தம் போய்விடும். நீளம் போதவில்லையென்றால் அதே கம்பெனி எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். 4.9 கனெக்டரில் 1, 5 பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 30 முதல் 300 ஓமுக்குள் ஒரு எண் வர வேண்டும். 3, 4 பின்களுக்கு நடுவே இருப்பது ஹீட்டர். குளிர்ந்த நிலையில் சுமார் 3 ஓம். விலை மலிவாக ஆன்லைனில் வாங்கிய சென்சாரை வண்டியில் மாட்டும் முன் இந்த இரண்டையும் அளந்துவிடுவது நல்லது.

எங்கே பொருத்துவது

பங் (சென்சாரை மாட்ட எக்ஸாஸ்ட் குழாயில் வெல்டிங் வைக்கும் வளையம்) 18 மிமீ, 1.5 பிட்ச் மரை. கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால், எல்லா சிலிண்டர் குழாய்களும் ஒன்றுசேர்ந்த பிறகு. டர்போ வண்டியில் டர்போவுக்குப் பின்னால்தான். டர்போவுக்கு முன் எக்ஸாஸ்ட் அழுத்தம் அதிகம். அழுத்தம் கூடினால் பம்ப் கரன்ட் கூடும், அதனால் ரிச் இன்னும் ரிச்சாகவும் லீன் இன்னும் லீனாகவும் தெரியும். வெப்பமும் சென்சாரைச் சீக்கிரம் கொன்றுவிடும். டர்போவிலிருந்து 60 செமீ தள்ளியிருந்தால் பொதுவாகப் பாதுகாப்பு. பங் பக்கம் 500 டிகிரியைத் தாண்டினால் இன்னும் தள்ளி வையுங்கள், அல்லது ஹீட் சிங்க் உள்ள பங் போடுங்கள்.

சாய்வு மிக முக்கியம். சென்சார் முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே. கடிகார முகப்பில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் என்று வைத்துக்கொண்டால் தவறாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் தேங்கும் நீர்த்துளி 780 டிகிரி செராமிக்கில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும். குழாயின் அடிப்பக்கத்தில் வெல்டிங் வைப்பவர்கள் சென்சார் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முறுக்கு 40 முதல் 60 நியூட்டன்-மீட்டர். மரையில் மட்டும் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை இறுகி ஒட்டாமல் தடுக்கும் பசை) கொஞ்சம் தடவுங்கள். முனையில் படவே கூடாது. புது சென்சாரின் மரையில் ஏற்கெனவே தடவி வந்திருந்தால் அதுவே போதும்.

சைலன்சர் குட்டையான ஒற்றை சிலிண்டர் பைக்கில் ஒரு தனித் தொல்லை உண்டு. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று வால் (சைலன்சரின் கடைசி முனை) வழியாக உள்ளே இழுக்கப்படும். சென்சார் வாலுக்கு அருகில் இருந்தால் ஐடிலில் 17, 18 என்று பொய்யாக லீன் காட்டும். ஹெடர் குழாயிலேயே, முடிந்தவரை எஞ்சின் பக்கமாக, வெப்ப வரம்புக்குள் வையுங்கள்.

வயரிங்: பிழைகளின் பிறப்பிடம்

கன்ட்ரோலருக்கு 12 வோல்ட்டை இக்னிஷனோடு சேர்ந்து ஆன் ஆகும் தனி ரிலே வழியாக, கையேடு சொல்லும் ஃப்யூஸ் வைத்துக் கொடுங்கள். ஃப்யூயல் பம்ப், இக்னிஷன் காயில், ஹெட்லைட் இவற்றின் வயரில் தட்டி எடுக்காதீர்கள். குளிர்ந்த சென்சார் சூடாகும்போது ஹீட்டர் சில ஆம்ப் இழுக்கும். வோல்டேஜ் அந்த நேரத்தில் விழுந்தால் சென்சார் வெப்பநிலை தடுமாறும், எண்ணும் தடுமாறும்.

இனி எர்த். அனலாக் அவுட்புட் என்பது கன்ட்ரோலரின் எர்த்துக்கும் சிக்னல் வயருக்கும் இடையிலான வோல்டேஜ். ஈசியுவோ அதே சிக்னலைத் தன்னுடைய எர்த்தை வைத்து அளக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் வித்தியாசம் இருந்தால் அது அப்படியே சிக்னலில் சேர்ந்துவிடும். எக்ஸ்-சீரிஸ் கணக்குப்படி 1 வோல்ட்டுக்கு 2.375 விகிதம் மாறும். அப்படியானால் முதலில் சொன்ன 0.4 பிழைக்கு வெறும் 170 மில்லிவோல்ட் போதும். பாடியில் துருப்பிடித்த ஒரு போல்ட்டில் கன்ட்ரோலர் எர்த்தை மாட்டினால் ஹீட்டர் கரன்டே இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

சரியான முறை: கன்ட்ரோலரின் பவர் எர்த்தை, ஈசியுவின் பவர் எர்த் எஞ்சின் பிளாக்கில் மாட்டியிருக்கும் அதே போல்ட்டில் மாட்டுங்கள். அனலாக் சிக்னலுக்குத் தனி மைனஸ் வயர் கன்ட்ரோலரில் இருந்தால் அது ஈசியுவின் சென்சார் எர்த்துக்குப் போக வேண்டும். ஹீட்டர் கரன்ட் ஓடும் பவர் எர்த்தை ஒருபோதும் ஈசியுவின் சென்சார் எர்த்தில் சேர்க்காதீர்கள். த்ராட்டில், கூலன்ட் சென்சார்கள் எல்லாம் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும்.

மாட்டியதும் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன், ஏசி எல்லாம் ஆனில் இருக்க, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒரு முனையை கன்ட்ரோலர் எர்த்திலும் மறுமுனையை ஈசியு சென்சார் எர்த்திலும் தொடுங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் எர்த்தைச் சரிசெய்யுங்கள். ஈசியு அளவுகோலில் ஒரு திருத்தம் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். ஃபேன் ஓடும்போது ஒன்று, ஓடாதபோது ஒன்று என்று அந்த வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கேன் (CAN, வண்டிக் கருவிகள் டிஜிட்டலாகப் பேசிக்கொள்ளும் வயர் இணைப்பு) வழியாக எடுங்கள். எக்ஸ்-சீரிஸ் வினாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் லாம்டாவை எண்ணாகவே அனுப்பும். எர்த் வித்தியாசம் அதைத் தொடாது. ஈசியுவில் கேன் உள்ளீடு இருந்தால் அதைவிட நல்ல வழி இல்லை.

வெளிக்காற்றில் கேலிப்ரேஷன்

எக்ஸ்-சீரிஸுக்கு இது தேவையில்லை. டிரிம் ரெசிஸ்டரையே நம்புகிறது. இன்னோவேட் எல்சி-2, எல்எம்-2 போன்றவற்றுக்குத் தேவை. பொதுவான வரிசை இது:

1. சென்சாரைக் கழற்றி, கனெக்டரையும் பிடுங்கிவிட்டு கன்ட்ரோலருக்குப் பவர் கொடுங்கள். சென்சார் இல்லை என்ற எரர் வரும்வரை விட்டு, பவரை நிறுத்துங்கள். பழைய கேலிப்ரேஷன் அழிந்துவிடும்.
2. சென்சாரைக் கனெக்டரில் மாட்டி, எக்ஸாஸ்ட்டுக்கு வெளியே, முனை கீழ்நோக்கித் தொங்க விடுங்கள். எதிலும் படக்கூடாது, தொட்டால் கை வெந்துவிடும்.
3. பவர் கொடுத்து, சூடாகி முடியும்வரை காத்திருந்து, கையேட்டில் சொன்னபடி கேலிப்ரேஷனை முடியுங்கள்.

இடம்தான் இதில் முக்கியம். ஷட்டர் மூடிய ஷெட்டில், பக்கத்தில் வேறொரு வண்டி ஓடிக்கொண்டிருக்க, அல்லது தரையில் பெட்ரோல் சிந்திக் கிடக்க இதைச் செய்தால், அந்தக் கெட்ட காற்றையே கன்ட்ரோலர் 20.9 சதவீத ஆக்சிஜன் என்று எடுத்துக்கொள்ளும். பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் அந்த அளவுக்கு விலகும். வெளியே, காற்றோட்டத்தில் செய்யுங்கள். ஆனால் டேபிள் ஃபேன் காற்று நேராக முனையில் அடிக்காமல்.

ஈசியுவுக்கு அளவுகோலைச் சொல்வது

மூன்று பிரபலமான கன்ட்ரோலர்களின் கணக்கு, பெட்ரோல் அளவுகோலில்:

ஏஇஎம் எக்ஸ்-சீரிஸ்: 0.5 வோல்ட் = 8.5, 4.5 வோல்ட் = 18.0.
இன்னோவேட் எல்சி-2, தொழிற்சாலை அமைப்பு: 0 வோல்ட் = 7.35; 5 வோல்ட் = 22.39.
ஸ்பார்ட்டன் 3, தொழிற்சாலை அமைப்பு: 0 வோல்ட் = 10; 5 வோல்ட் = 20.

ட்யூனர்ஸ்டுடியோவில் டூல்ஸ் மெனுவில் உள்ள ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) டேபிள் கேலிப்ரேஷனைத் திறந்தால் தயாரான பட்டியல் ஒன்று வரும். கம்பெனிப் பெயரைப் பார்த்ததும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். ஏஇஎம்மின் பழைய 30-4110 கேஜ் 0 வோல்ட்டுக்கு 10, 5 வோல்ட்டுக்கு 20 என்ற கணக்கில் ஓடியது. அந்தக் கணக்கை எக்ஸ்-சீரிஸுக்குப் போட்டால், 2.25 வோல்ட் வரும்போது உண்மையில் 12.66 ஆக இருப்பதை ஈசியு 14.5 என்று படிக்கும். கஸ்டம் லீனியரைத் தேர்ந்தெடுத்து இரண்டு புள்ளிகளையும் கையால் கொடுப்பதே நல்லது. எக்ஸ்-சீரிஸுக்கு 0 வோல்ட்டில் 7.31, 5 வோல்ட்டில் 19.19 என்று கொடுத்தாலும் அதே கோடுதான்.

கொடுத்து முடித்ததும் இரண்டு பென்டார்ச் செல்லை வைத்து ஈசியு பக்கத்தைச் சோதியுங்கள். ஐந்து நிமிட வேலை. வைட்பேண்ட் சிக்னல் வயரைக் கழற்றிவிட்டு, செல்லின் மைனஸை ஈசியு சென்சார் எர்த்திலும் ப்ளஸை ஆக்சிஜன் உள்ளீட்டிலும் தொடுங்கள். மல்டிமீட்டரில் செல் 1.58 வோல்ட் காட்டினால், திரையில் சுமார் 11.1 வர வேண்டும். இரண்டு செல்லைத் தொடராக வைத்து 3.16 வோல்ட் என்றால் சுமார் 14.8. இரண்டும் 0.1-க்குள் ஒத்துப்போனால் ஈசியு பக்கம் சுத்தம்.

ஒத்துப்போகவில்லை, இரண்டு இடத்திலும் அதே விகிதத்தில் வோல்டேஜ் கூடுதலாகத் தெரிகிறது என்றால் ஈசியுவின் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். ஸ்பீடுயினோவில் அளவீட்டுக்கு ஆதாரம் அந்த 5 வோல்ட் சப்ளைதான். யுஎஸ்பி வயரில் மட்டும் ஓடும்போது அது 4.8-க்கு இறங்குவது சகஜம். அப்போது 2.5 வோல்ட் சிக்னல் 2.6 ஆகத் தெரியும். விகிதத்தில் கால் புள்ளி பிழை. மேஜைமேல் யுஎஸ்பியில் சோதித்து, பிறகு வண்டியில் 12 வோல்ட்டில் ஓட்டினால் இரண்டு விடை வருவது இதனால்தான். சோதனையை வண்டியின் 12 வோல்ட் சப்ளையில் செய்யுங்கள்.

அடுத்து வைட்பேண்ட் வயரைத் திரும்ப மாட்டி, எஞ்சின் நிதானமாக ஓடும்போது கேஜ், மல்டிமீட்டர், லாக் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கேஜில் 14.7 என்றால் சிக்னல் வயருக்கும் ஈசியு சென்சார் எர்த்துக்கும் நடுவே 3.11 வோல்ட், லாகில் 14.7. கேஜும் மல்டிமீட்டரும் ஒத்துவராவிட்டால் எர்த் பிரச்சினை. மல்டிமீட்டரும் லாகும் ஒத்துவராவிட்டால் ஈசியு அளவுகோல். இப்படிப் பிரித்துப் பார்த்தால் தவறு ஒளிய இடமே இருக்காது.

இ20 பெட்ரோலும் லாம்டாவும்

இந்தியாவில் பெட்ரோல் பங்க்கில் நிரப்புவது இப்போது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு முழு எரிதலின் விகிதம் 14.7, இ20-க்கு சுமார் 13.5. ஆனால் சென்சாருக்கு இந்த விகிதம் தெரியாது. அது அளப்பது லாம்டாவை மட்டும். லாம்டா 1 வந்தால் பெட்ரோல் அளவுகோலில் உள்ள கேஜ் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, டேங்கில் எது இருந்தாலும் சரி. ஆகவே இ20-ல் கேஜ் 14.7 காட்டினால் அது சரியான லாம்டா 1-தான்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், இ20 போடுகிறோமே என்று ஈசியுவில் முழு எரிதல் விகிதத்தை 13.5 என்று மாற்றிவிட்டு, கேஜ் அளவுகோலை 14.7-லேயே விட்டுவிடும்போது. கேஜிலிருந்து வரும் 14.7-ஐ ஈசியு 13.5-ஆல் வகுத்து லாம்டா 1.09 என்று நினைக்கும். 9 சதவீதம் பெட்ரோலைக் கூட்டும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். லாம்டாவிலேயே வேலை செய்தால் இந்தப் பேச்சே இல்லை. கேஜ், லாக், டார்கெட் டேபிள் மூன்றையும் லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு முழு த்ராட்டிலில் 0.86–0.88, டர்போவுக்கு 0.78–0.82, நிதான ஓட்டத்தில் 1.0 என்று ஆரம்பிக்கலாம்.

சென்சாரையே சோதிப்பது

கம்பெனி ஈசியுவும் நேரோபேண்டும் இன்னும் வேலை செய்யும் வண்டி என்றால் உங்களிடம் இலவசமாக ஒரு அளவுகோல் இருக்கிறது. எஞ்சினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்து 2000–2500 ஆர்பிஎம்மில் நிறுத்துங்கள். குளோஸ்டு லூப்பில் (சென்சாரைப் பார்த்து ஈசியு தானே பெட்ரோலைத் திருத்தும் நிலையில்) கம்பெனி ஈசியு லாம்டா 1-க்கு இருபுறமும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த அரை நிமிட லாகின் சராசரி வைட்பேண்டில் 0.99–1.01-க்குள் விழ வேண்டும். 1.04 என்றால் முதலில் எக்ஸாஸ்ட் லீக், பிறகு சென்சார். லாம்டா 1-ல் பம்ப் கரன்ட் பூஜ்யம் என்பதால் இந்த ஒரு புள்ளியில் நல்ல சென்சாரும் சுமாரான சென்சாரும் ஒரே விடை தரலாம். மறுமுனையையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சதவீதம் காட்டும் கன்ட்ரோலராக இருந்தால் சென்சாரை வெளிக்காற்றில் பிடித்து 20.9-க்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள்.

லாக் எடுத்து டேபிளைத் திருத்துவது

எரிந்த வாயு வால்விலிருந்து சென்சார்வரை வந்து சேர நேரம் பிடிக்கும். ஐடிலில் அது கால் நொடி ஆகலாம். அதிக ஆர்பிஎம்மில், முழு த்ராட்டிலில், பல மடங்கு குறையும். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் 3000 ஆர்பிஎம்மில் எரிந்தது 3400 கட்டத்தின் கணக்கில் விழும். அளக்க எளிய வழி: ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டத்தின் விஇ எண்ணை (சிலிண்டர் எவ்வளவு காற்றை நிரப்பிக்கொள்கிறது என்பதற்கு ஃப்யூயல் டேபிளில் உள்ள எண்) ஒரேயடியாக 10 சதவீதம் கூட்டுங்கள். இன்ஜெக்டர் பல்ஸ் மாறிய நொடிக்கும் லாம்டா நகர ஆரம்பித்த நொடிக்கும் உள்ள இடைவெளிதான் தாமதம். குறைந்த, அதிக ஆர்பிஎம் இரண்டிலும் எடுத்து மென்பொருளில் கொடுங்கள்.

இந்த வரிகளை லாகிலிருந்து நீக்கிவிடுங்கள்: கூலன்ட் 70 டிகிரிக்குக் கீழே இருப்பவை, ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் (த்ராட்டிலைத் திடீரென்று திறக்கும்போது ஈசியு கூடுதலாக விடும் பெட்ரோல்) ஓடுபவை, த்ராட்டிலை விட்டு இன்ஜெக்டர் நின்றிருக்கும் நேரம், சென்சார் சூடாகாத முதல் அரை நிமிடம். சூடாகும்வரை வரும் வோல்டேஜ் அளவீடே அல்ல. ஈசியுவின் குளோஸ்டு லூப் திருத்தம் ஆரம்பிக்கும் நேரத்தையும் அதற்குப் பிறகே வையுங்கள்.

திருத்தும் கணக்கு: புதிய விஇ = பழைய விஇ × அளந்த லாம்டா ÷ இலக்கு லாம்டா. கட்டத்தில் 62, அளந்தது 0.93, இலக்கு 0.88 என்றால் 65.5. இந்த வேலை நடக்கும்போது குளோஸ்டு லூப்பை அணைத்துவிடுங்கள். அது ஒருபக்கம் இழுக்க நீங்கள் ஒருபக்கம் இழுத்தால் டேபிள் ஒருநாளும் அடங்காது.

லீன் என்று பொய் சொல்லும் நேரங்கள்

சென்சார் அளப்பது வாயுவில் மிஞ்சிய ஆக்சிஜனை. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் (தீப்பற்றாமல் போனால்) அதன் பெட்ரோலும் எரியாது, காற்றும் எரியாது. அந்தக் காற்றைப் பார்த்து கேஜ் லீன் என்று கத்தும். நம்பி பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து மிஸ்ஃபயர் இன்னும் அதிகமாகும், கேஜ் இன்னும் லீன் காட்டும். எஞ்சின் உதறும்போது கேஜைப் பார்க்காதீர்கள். பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் லீக் ஐடிலில் லீனாகவும், ஆர்பிஎம் ஏற ஏறச் சரியாகவும் தெரியும். குளிர்ந்த எஞ்சினில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வாலில் வைத்து, கேஸ்கட், வெல்டிங், பங் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருப்பது) அதிகமுள்ள ரேஸ் கேம்ஷாஃப்ட்டில் ஐடில் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. புதுக் காற்று நேராக எக்ஸாஸ்ட்டுக்குப் போகிறது. அங்கே எஞ்சின் எந்த எண்ணில் அமைதியாக ஓடுகிறதோ அதுவே இலக்கு.

சென்சார் ஆயுள்

எக்ஸாஸ்ட்டில் சென்சார் இருக்கும்போது அதற்குப் பவர் இல்லாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். சூடில்லாத செராமிக்கில் கரி படிந்து துளைகள் அடைபடும். கன்ட்ரோலரைக் கழற்ற வேண்டியிருந்தால் சென்சாரையும் கழற்றி, பங்கை மூடி போட்டு அடையுங்கள். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோல், எரியும் எஞ்சின் ஆயில், ஹெட் கேஸ்கட் போய்க் கசியும் கூலன்ட், சாதாரண சிலிக்கான் சீலன்ட் இவை நாலும் சென்சாருக்கு விஷம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் எப்போதும் எரிவதால் அங்கே ட்யூனிங் முடிந்ததும் சென்சாரைக் கழற்றிவிடுவதுதான் சரி.

கேஜ் மெதுவாக நகர்வது, த்ராட்டிலை விட்டதும் உச்ச லீனுக்குப் போகத் தயங்குவது, வெளிக்காற்றில் 20.9-லிருந்து விலகிக்கொண்டே போவது இவை தெரிந்தால் மாற்றும் நேரம். புது சென்சார் மாட்டியதும் கேஜ், மல்டிமீட்டர், லாக் ஒப்பீட்டை மறுபடி செய்யுங்கள். வெளிக்காற்று கேலிப்ரேஷன் கேட்கும் கன்ட்ரோலராக இருந்தால் அதை அதற்கும் முன்பாக.